வேலிக்காலுக்கும் ஒரு தொப்பி வேண்டும்!

சிதம்பரம் நடராஜர் கோயில் சித்சபையைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் பொன் கூரையைப் பற்றித்தான் பேசுவார்கள். அந்தக் கூரையைத் தாங்குவது மரம் என்பது பலருக்கு நினைவிலேயே இருக்காது. பராந்தக சோழன் பொன் வேய்ந்த கூரை அது. ஓடுகள் 21,600 என்பது மரபுக் கணக்கு. பக்தி ஒருபுறம் இருக்கட்டும். தச்சர் கண்ணோடு பார்த்தால், மரத்தின் தலையில் மழை இறங்காமல் மூடியிருக்கிறார்கள் என்பதும் தெரியும்.

நம் வீட்டு மர வேலிக்கு அந்தக் கவனிப்பு கிடைப்பதில்லை. காலின் தலையில் இருந்த மரத்தொப்பி எப்போதோ உடைந்து விழுந்திருக்கும். 'அழகுக்கு வைத்ததுதானே' என்று விட்டுவிடுவோம். மரத்துக்குள் நீர் ஏறும் நுண்குழாய்கள் திறந்திருப்பது அந்த வெட்டுமுகத்தில்தான். பக்கவாட்டைவிடப் பல மடங்கு வேகமாக அங்கே மழைநீர் இறங்கும். பிறகு பூஞ்சை, அதன் பின்னால் கறையான். வெளியே பெயின்ட் பளபளக்கும். உள்ளே கால் பொக்கையாகி இருக்கும். ஒருநாள் மாடு உரசினால் வேலியே சாயும். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை கொட்டும் கடலூர்ப் பக்கம் இது சீக்கிரமே நடக்கும்.

புதுத்தொப்பி செய்வது பெரிய வேலையல்ல. முதலில் ஸ்க்ரூடிரைவரால் காலின் தலையைக் குத்திப் பாருங்கள். மெத்தென்று இறங்கினால், நல்ல மரம் வரும்வரை அறுத்துவிட்டு நாலு நாள் வெயிலில் காயவிடுங்கள். ஈரத்தின் மேல் மூடினால் அழுகலைப் பூட்டிவைத்த மாதிரிதான்.

4 அங்குலச் சதுரக் காலுக்கு, ஒன்றரை அங்குலத் தடிமனில் ஐந்தரை அங்குலச் சதுரப் பலகை போதும். நாலு பக்கமும் முக்கால் அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மேல்புறத்தை நாலு பக்கமும் சரிவாக இழைத்துவிடுங்கள். அடியில், விளிம்பை ஒட்டிச் சுற்றிலும் உளியால் சிறு பள்ளம் ஒன்று எடுக்க வேண்டும். பலரும் விட்டுவிடுவது இதைத்தான். பள்ளம் இல்லாவிட்டால் நீர் அடிப்பக்கமாகவே ஊர்ந்து காலுக்குப் போய்ச் சேரும். இருந்தால் அங்கேயே சொட்டிவிடும்.

மரத்துக்கு வெகுதூரம் போக வேண்டாம். பண்ருட்டிப் பக்கம் பலா இருக்கிறது. 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயல் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்ததை அந்த ஊர்க்காரர்கள் இன்னும் மறக்கவில்லை. வீணைக்கும் மிருதங்கத்துக்கும் போகிற மரம் அது. மிஞ்சிய துண்டு தொப்பிக்குத் தாராளம். நன்றாகக் காய்ந்ததாகப் பார்த்து வாங்குங்கள்.

பூச்சுக்கு ஆளிவிதை எண்ணெய் போதும். முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெய் கறையானை இன்னும் நன்றாக விரட்டும். ஆனால் தோலில் பட்டால் கொப்பளித்துவிடும். கையுறை இல்லாமல் தொடாதீர்கள், குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள். தொப்பியின் அடிப்பக்கத்துக்கும் காலின் வெட்டுமுகத்துக்கும் இரண்டு கை கூடுதலாகப் பூசுங்கள்.

கடற்கரை ஊரில் இரும்பு ஆணி வேண்டாம். உப்புக்காற்றில் துருப்பிடித்து மரத்தையும் கெடுக்கும். பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகாணியே நல்லது. துளை போட்டுவிட்டு முடுக்கினால் பலகை பிளக்காது. பங்குனி, சித்திரை வெயிலில் இந்த வேலையை முடித்துவிட்டால், முதல் மழையன்று தொப்பியின் விளிம்பிலிருந்து நீர் தரையில் சொட்டுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.