ஒரே வைரம், இரு நாடுகள்

ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் உள்ள நாடு போட்சுவானா. 1966ஆம் ஆண்டு விடுதலை பெற்றபோது அது உலகின் மிக ஏழை நாடுகளுள் ஒன்று. நாட்டின் பெரும்பகுதி கலகாரிப் பாலை. மக்களின் செல்வம் மாடுகளே. தார்ச்சாலைகூடச் சில கிலோமீட்டர்தான் இருந்தது.

மறு ஆண்டே ஒராப்பா என்னும் இடத்தில் வைரம் கண்டறியப்பட்டது. அது முதல் குடியரசுத் தலைவர் செரட்சே காமாவின் சொந்தக் குலத்தாருடைய நிலப்பகுதி. எங்கள் மண்ணின் வைரம் எங்களுக்கே என்று அவர்கள் உரிமை கோர இடமிருந்தது. ஆனால், நிலத்தடிக் கனிமங்கள் நாட்டுக்கே உரியவை என்று அவ்வாண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. பின்னர்ச் சுரங்க நிறுவனத்துடன் பேசிப் பேசி, அரசு தன் பங்கைப் பாதியாக உயர்த்திக்கொண்டது. அப்பணத்தில் பள்ளிகளும் மருத்துவமனைகளும் சாலைகளும் எழுந்தன.

சியரா லியோனிலும் வைரம் உண்டு. ஆற்று மணலை அரித்தாலே கிடைக்கும். ஆட்சியாளர் சிலர் அதைத் தமதாக்கிக்கொண்டனர். 1991 முதல் 2002 வரை நடந்த உள்நாட்டுப் போரில், கிளர்ச்சியாளர்கள் வைரத்தை விற்றுத் துப்பாக்கிகள் வாங்கினர். வகுப்பறையில் இருக்க வேண்டிய சிறுவர்கள் அவற்றைச் சுமந்தனர்.

போட்சுவானாவிலும் குறைகள் உண்டு. வேலையற்றோர் இன்றும் பலர். செல்வம் எல்லோரையும் சமமாகச் சென்றடையவில்லை. ஆயினும் அங்கு உள்நாட்டுப் போர் மூண்டதில்லை, தேர்தலும் தவறியதில்லை.