வாவிக்கரை வீட்டில் வெதுப்புக்கலம் பேணல்

மாவையும் முட்டையையும் நெய்யையும் உலர்வெப்பத்தால் உணவாக்கும் தொழில் வெதுப்புதல் எனப்படும். அதற்குத் துணைசெய்யும் தட்டு, அச்சு, அரிதட்டு, அடிகம்பி, உருட்டுக்கட்டை முதலியன வெதுப்புக்கலங்கள். கலத்தின்மேல் படிந்த வேற்றுப்பொருளை அகற்றுதல் துலக்கல். கலம் எப்பொருளால் ஆயதோ அப்பொருள் கெடாது காத்தல் பேணல். இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதனாலேயே நல்ல தட்டுகள் பல எம் அடுக்களைகளில் தேய்த்தே அழிக்கப்படுகின்றன. 1936ஆம் ஆண்டு சென்னையில் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய விபுலானந்த அடிகள், மட்டக்களப்பு வாவிக்குத் தெற்கே காரைதீவில் பிறந்தவர். அறிவியல் கற்பித்த ஆசானுமாவார். அவர் பிறந்த மண்ணில், அடுக்களைத் தட்டின் அறிவியலையும் தமிழே தாங்கி நிற்றல் இயல்பாம்.

மட்டக்களப்புக்கு வெதுப்புத்தொழில் புதிதன்று. 1628இல் போர்த்துக்கேயர் இங்கே கோட்டை எழுப்பினர். பத்தாண்டுகளில் அது ஒல்லாந்தர் கைக்கு மாறிற்று. எனினும் போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர் இன்றும் இந்நகரில் வாழ்கின்றனர். பாண், போறணை என்னும் பெயர்களும் அவர்கள் மொழிவழி எமக்கு வந்தவையே. நத்தாருக்கு ரவையும் மரமுந்திரிப் பருப்பும் முட்டைக்கருவும் சேர்த்து லவ் கேக் வெதுப்பும் நாள்கள், வாடைக்காற்று மழையொடு வீசும் நாள்களாகவே அமைகின்றன. ஆண்டிலேயே கலங்கள் மிகுதியாகப் புழங்கும் பருவமும், அவை மிகுதியாகக் கெடும் பருவமும் இங்கு ஒன்றே.

கறைகளை முதலில் வகுத்துக்கொள்வோம். மாவும் வெண்கருவும் ஒருவகை. ஏறத்தாழ 60 பாகை செல்சியசு வெப்பநிலையில் மாப்பொருள் நீருண்டு வீங்கிப் பசையாகும். வெண்கருவும் அவ்வளவிலேயே உறையத் தொடங்கும். ஆகவே கொதிநீர் இக்கறையைக் கழுவாது, கலத்தோடு ஒட்டவைக்கும். அடிகம்பியையும் மாப்பிசைந்த கலத்தையும் முதலில் தண்ணீரிலேயே அலசுக. வெண்ணெயோ மற்றொரு வகை. அது 35 பாகைக்குள் உருகுவதாதலின் வெந்நீரும் சவர்க்காரமும் அதற்கு உரியன. கருகிய சீனி வெந்நீரில் ஊறினால் தானே நெகிழும். இம்மூன்றும் ஒரே கலத்தில் கலந்திருக்குமாயின் தண்ணீர் முன்னும் வெந்நீர் பின்னுமாகக் கழுவுதலே முறை.

இனிக் கலத்தின் பொருளுக்கு வருவோம். இரும்பு, அலுமினியம், வெள்ளீயம் முதலியவற்றை மாழை என்னும் பழந்தமிழ்ச் சொல்லாலேயே குறிப்போம். மாழைகளோடு காற்றிலுள்ள உயிர்வளி ஓயாது கூடுகின்றது. அலுமினியத்தோடு கூடுங்கால், மீற்றரொன்றின் நூறு கோடியில் சில பங்கே தடிப்புள்ள இறுகிய படலம் உண்டாகி, உள்ளிருக்கும் மாழையைக் காக்கின்றது. இரும்போடு நீரும் சேர்ந்து கூடுங்கால் உண்டாகும் கறளோ, இரும்பினும் மிகுந்த இடம் கொள்வதாதலின், வெடித்துச் செதிலாய் உதிர்ந்து, அடியிலுள்ள இரும்பையும் காற்றுக்குக் காட்டிக்கொடுக்கின்றது. ஒரே உயிர்வளி ஒரு மாழைக்குக் கவசமும் மற்றொன்றுக்கு நோயும் ஆகின்றது.

வாவிக்கரையில் இந்நோயை வளர்ப்பது உப்பு. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இவ்வாவி, கடலோடு முகத்துவாரங்களால் கலப்பது. அலை உடைந்தெழும் நுண்துளிகள் காற்றில் ஏறி வீட்டுக்குள்ளும் படிகின்றன. கறியுப்புக்கு ஓர் எல்லையுண்டு: காற்றின் ஈரப்பதன் 75 விழுக்காட்டைத் தாண்டினால் அது காற்றிலிருந்தே நீரை ஈர்த்துக் கரைசலாகிவிடும். கச்சான் காற்று வறண்டு வீசும் நண்பகலில் தட்டின்மீதுள்ள உப்பு வாளாவிருக்கும். வாடைத் திங்கள்களில் அதுவே உவர்ப்படலமாகி இரவும் பகலும் இரும்பை அரிக்கும். கடைசி அலசலுக்கு உவர்க்கிணற்று நீரைக் கொள்ளலாகாது என்பதும், துடைத்த தட்டைச் சூடு ஆறாத போறணைக்குள் சிறிது நேரம் வைத்து உலர்த்துதல் வேண்டும் என்பதும் இதனாலேயே. கறளை நீக்கத் தேசிக்காயோடு உப்பையும் சேர்த்துத் தேய்ப்பார் உளர். தேசிக்காயின் காடி கறளைக் கரைப்பது உண்மை, அதுவே போதும். உப்பை நாமே இட்டுத் தேய்ப்பது வாடை செய்யும் வேலையை விரைவுபடுத்துவதாகும்.

அப்பத்தாச்சி போன்ற இரும்புக் கலங்களுக்கு எண்ணெயூட்டும் வழக்கம் நெடுநாளையது. ஆனால் எவ்வெண்ணெய் என்பதில் நாம் கருத்தூன்றுவதில்லை. நிரம்பாத கொழுப்புக் காடிகளையுடைய எண்ணெயை மெல்லெனப் பூசிச் சூடேற்றினால், அதன் மூலக்கூறுகள் உயிர்வளியின் துணையால் ஒன்றோடொன்று பிணைந்து இறுகி, எம் பள்ளி நூல்கள் பல்பகுதியம் எனக் கூறும் பொருளாகின்றன. மாவு ஒட்டாத கரிய மெருகு அதுவே. எம் கைக்கெட்டிய தேங்காயெண்ணெயில் ஏறத்தாழ 90 விழுக்காடு நிரம்பிய கொழுப்பு. அது இறுகாது, பிசுக்காகவே நிற்கும். நல்லெண்ணெயில் 80 விழுக்காட்டுக்கும் மேல் நிரம்பாதவை. மெருகேற்ற அதுவே தக்கது. தேங்காயெண்ணெய் எளிதில் சிக்குவாடை கொள்ளாதாகையால், மெருகேறிய கலத்தை எடுத்துவைக்குமுன் ஈரம் அணுகாதவாறு தடவிவைக்க அதைக் கொள்ளலாம். இரண்டுக்கும் பணி வேறு. மற்றொன்றும் காண்க: அலுமினியத் தட்டின் விளிம்பில் தேய்த்தும் போகாத பழுப்புக் கறையும் இம்மெருகும் ஒரே பொருள். இரும்பில் அதைப் போற்றுகிறோம். அலுமினியத்தில் அதனோடு போரிட்டுத் தட்டைக் கீறுகிறோம். அக்கறையால் உணவுக்குத் தீங்கில்லை; அது கிடக்கட்டும்.

தும்பும் சாம்பலும் கொண்டு கலம் துலக்குதல் எம்மவர் கைவந்த வழக்கம். சாம்பலின் காரம் நெய்யைச் சவர்க்காரமாக மாற்றிக் கரைப்பது. அவ்வளவில் அது சீரிய அறிவு. ஆயினும் அலுமினியத்தின் காப்புப்படலம் காரத்தில் கரையும். தட்டு கறுத்து மங்கும். சாம்பலும் சலவைச்சோடாவும் அலுமினியத்துக்கு ஆகா. ஒட்டாப்பூச்சுத் தட்டுக்கு மென்துணியன்றி வேறெதுவும் வேண்டா. அதனை 260 பாகைக்கு மேல் வெறுமனே சூடேற்றலும் ஆகாது.

வெள்ளீயம் பூசிய தகரத் தட்டை மிகக் கருத்தாகப் பேணுதல் வேண்டும். வெள்ளீயம் 232 பாகையில் உருகுவது. கேக்குக்குரிய 180 பாகையை அது தாங்கும். பாணுக்காகப் போறணையை முறுக்கினால் பூச்சு நெகிழும். கத்தியால் கீறிவிட்டாலோ, கீறலில் வெளிப்படும் இரும்பு பூச்சில்லாத இரும்பினும் விரைந்து கறள் பிடிக்கும். ஈரத்தில் இருமாழைகள் தொட்டு நிற்குங்கால் வெள்ளீயத்தைவிட இரும்பே முந்தி அரிபடும் என்பது மின்வேதியியலின் நெறி. ஆதலின் கேக்கைத் தட்டில் வைத்தே துண்டாடும் பழக்கத்தை விடுதல் நன்று.

அரிதட்டை இயன்றவரை நனைக்காதிருத்தலே பேணல். அதன் நுண்கம்பிகளுக்குப் பருமன் சிறிது, மேற்பரப்போ பெரிது. எனவே கறள் அங்கேதான் முதலில் ஏறும். மாவு உலர்ந்திருக்கும்போதே கவிழ்த்துத் தட்டி, மென்தூரிகையால் இரு புறமும் துடைத்தால் நீரே வேண்டியதில்லை. நனைத்தாக வேண்டின் தண்ணீரில் அலசி, உதறி, போறணைச் சூட்டில் வைத்து, கம்பிகள் சட்டத்தோடு சேரும் மடிப்பில் ஈரமில்லை என்பதை விரல் வைத்துப் பார்த்தபின் எடுத்துவைக்கவும்.