தொக்கம் எடுக்கப் போகுமுன் தொடை இடுக்கைப் பாருங்கள்

காஞ்சிபுரத்திலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் இது மாறவே மாட்டேன் என்கிறது. முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து கைக்குழந்தை விடாமல் அழுகிறது, குடித்த பாலெல்லாம் வாந்தி. தொக்கம் எடுக்கிறார்கள், உரம் எடுக்கிறார்கள், கிரைப் வாட்டர் புகட்டுகிறார்கள். வாந்தி பச்சையாக வந்த பிறகுதான் மருத்துவமனை. இடுப்புத் துணியை அவிழ்த்தால் தொடை இடுக்கில் சிவந்து இறுகிய வீக்கம். "இது பொறந்ததிலேர்ந்தே வந்து வந்து போவும் டாக்டர்" என்கிறார் பாட்டி.

வந்து போனதுதான் ஹெர்னியா, குடலிறக்கம். போகாமல் நின்றுவிட்டால் சிக்கிய குடலுக்கு ரத்த ஓட்டம் தடைபடும். ஆண் குழந்தைக்கு அந்தப் பக்கத்து விரையும் கெடலாம். சில மணி நேரமே அவகாசம்.

அழவிட்டதால் வந்ததல்ல

"பிள்ளையை அழவிட்டே குடலை இறக்கிட்டா" என்று பெற்றவளைத் திட்டாதீர்கள். பிறக்குமுன் மூடவேண்டிய வழி மூடாமல் போனதே காரணம். அழும்போது வீக்கம் வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். குறைமாதக் குழந்தைகளுக்கு இது அதிகம்.

வளர்ந்தால் சரியாகிவிடும் என்பது அடுத்த நம்பிக்கை. தொப்புள் வீக்கம் பெரும்பாலும் 4, 5 வயதுக்குள் தானாக மூடும். அதைப் பார்த்தவர்கள் இதற்கும் அதையே சொல்கிறார்கள். தொடை இடுக்கு ஹெர்னியா தானாகச் சரியாகாது. குடல் சிக்கும் ஆபத்து முதல் வயதுக்குள்தான் மிக அதிகம். நாணயம் வைத்துக் கட்டுவதும் பெல்ட் போடுவதும் பயன் தராது. விளக்கெண்ணெய் தடவி அழுத்தித் தேய்ப்பதை நினைத்தாலே பதறுகிறது; உள்ளே இருப்பது குடல் ஐயா!

பெண் குழந்தைக்கு வராது என்பதும் தவறு. அவர்களுக்குச் சினைப்பையே இறங்கிச் சிக்கலாம்.

மயக்க மருந்துக்குப் பயந்து தள்ளிப்போடுகிறவர்களுக்கு ஒன்று. 1735இல் லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் கிளாடியஸ் அம்யாண்ட் 11 வயதுச் சிறுவனின் ஹெர்னியாவைத் திறந்தார். உள்ளே குடல்வால், அவன் விழுங்கிய குண்டூசி அதைத் துளைத்திருந்தது. மயக்க மருந்தே இல்லாத காலம். அவனே பிழைத்தான். இன்று குழந்தைகளுக்கென்றே பயிற்சி பெற்ற மயக்கவியல் மருத்துவர்கள் இருக்கிறார்கள்.

சிக்கிவிட்டால்

பெரும்பாலும் கையால் பார்த்தே தெரியும், சந்தேகமிருந்தால் ஸ்கேன்.

சீக்கிரம் வந்த குழந்தைக்கு வலி தெரியாமல் மருந்து கொடுத்து, குடலை மெதுவாக உள்ளே அனுப்பிவிடலாம். வீட்டுக்கு அனுப்ப மாட்டோம். வீக்கம் வடிய ஓரிரு நாள் விட்டு அறுவை செய்வோம். பெரியவர்களுக்கு வைக்கும் வலை இவர்களுக்குத் தேவையில்லை; இறங்கிய பையின் கழுத்தைக் கட்டினால் போதும்.

தாமதமாக வந்தால் நேராக அறுவை அரங்கம்தான். கறுத்த குடலை வெதுவெதுப்பான சலைன் துணியால் சுற்றிக் காத்திருப்போம். நிறம் திரும்பினால் உள்ளே வைப்போம். திரும்பாவிட்டால் அந்தப் பகுதியை வெட்டி, முனைகளை இணைக்க வேண்டும். சிறு தையலோடு முடிந்திருக்க வேண்டிய பிள்ளை!

பாவு முடியட்டும் என்று இருக்காதீர்கள்

தறியை விட்டு வந்தால் கூலி போகும் என்பது தெரியாமல் சொல்லவில்லை. அரசு மருத்துவமனையில் இந்த அறுவைக்குக் கட்டணமில்லை. தயவுசெய்து, வீக்கத்தை முதன்முதலில் பார்த்த வாரமே காட்டுங்கள். குளிப்பாட்டும்போது இரு தொடை இடுக்குகளையும் பாருங்கள். வீக்கம் தெரிந்தால் செல்போனில் படமெடுத்து வையுங்கள். எங்களிடம் வரும்போது அது உள்ளே போயிருக்கலாம்.

வீக்கம் இறுகி, குழந்தை வாந்தியெடுத்தால் பாலோ தண்ணீரோ கொடுக்காதீர்கள், நீங்களே அழுத்தாதீர்கள். நடுராத்திரியானாலும் 108ஐ அழையுங்கள். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையிலும் குழந்தை அறுவை மருத்துவர்கள் இருக்கிறார்கள். விடியட்டும் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள்.