உஷார்! ஆராய்ச்சி இடம் தருகிறோம், முன்பணம் கட்டு!

எம்.எஸ்சி. முடித்துவிட்டு வெளிநாட்டில் பிஎச்.டி.க்கு முயன்றுகொண்டிருக்கும் தம்பி தங்கைகளே, மெயிலில் வந்த அந்த 'தேர்வுக் கடித'த்துக்குப் பதில் போட்டுவிடாதீர்கள். முதலில் இதைப் படியுங்கள்.

கடிதத்தில் ஜெர்மன் பல்கலைக்கழக முத்திரை இருக்கும், பேராசிரியர் கையெழுத்தும் இருக்கும். நேர்காணல்தான் நடந்திருக்காது. கடைசிப் பத்தியில் விஷயம் வரும்: விசா வேலைக்கு முன்பணம், மூன்று நாளைக்குள் கட்ட வேண்டும்.

ஏமாறுகிறவர்கள் பேராசைக்காரர்கள் அல்ல, களைத்துப்போனவர்கள். நூறு பேராசிரியர்களுக்கு எழுதி ஒருவர்கூடப் பதில் போடாத மாதத்தில், 'நீங்கள் தேர்வாகிவிட்டீர்கள்' என்ற ஒரு வரி போதும், புத்தி மங்கிவிடும்.

ஜெர்மனியில் அறிவியல் ஆய்வு மாணவர் பெரும்பாலும் சம்பளக்காரர். பொதுத்துறை ஊதிய அட்டவணையின் 13-ஆம் படியில் ஒப்பந்தம் போட்டு, அதில் முழுச் சம்பளமோ, பாதியோ, முக்காலோ கொடுப்பார்கள். மாணவராகப் பதியும்போது செமஸ்டருக்குச் சில நூறு யூரோ வரை கட்ட வேண்டியிருக்கலாம். அது பல்கலைக்கழகக் கணக்குக்குப் போகும். விசாக் கட்டணம் தூதரகத்துக்கு. நடுவில் ஒரு தனிநபர் கணக்குக்கு இதில் என்ன வேலை? உங்கள் ப்ராஜெக்டில் என்ன செய்தீர்கள் என்று ஒரு கேள்விகூடக் கேட்காமல் எந்தப் பேராசிரியரும் தன் ஆய்வகத்தில் ஆளைச் சேர்க்க மாட்டார்.

வந்த மெயிலுக்கே பதில் போட்டு விசாரிப்பது, திருடனிடமே சாவியைப் பற்றி விசாரிப்பது. பல்கலைக்கழக இணையதளத்தில் அந்தப் பேராசிரியரின் முகவரியைத் தேடியெடுத்து, தனியாக எழுதிக் கேளுங்கள். அதுவரை பாஸ்போர்ட் நகலையும் அனுப்பாதீர்கள்.

உள்ளூர்க்கதை இன்னும் மோசம். 'வேலை பார்த்துக்கொண்டே ஆன்லைனில் பிஎச்.டி., தீசிஸை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்கிறார்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து தனியார் நிறுவனங்கள் விற்கும் ஆன்லைன் பிஎச்.டி. செல்லாது என்று யுஜிசியும் ஏஐசிடிஇயும் 2022-லேயே சேர்ந்து எச்சரித்தன. யுஜிசியின் 2022 விதிப்படி, பிஎச்.டி.க்கு கோர்ஸ் வொர்க்கையும் சேர்த்துக் குறைந்தது 3 ஆண்டுகள். ஒரு வருடத்தில் பட்டம் என்றால் அது வெறும் காகிதம்.

'அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகம்தானே' என்று அசந்துவிடவும் முடியாது. ராஜஸ்தானின் ஓபிஜேஎஸ், சன்ரைஸ், சிங்கானியா மூன்றும் முறைப்படி தொடங்கப்பட்ட தனியார் பல்கலைக்கழகங்கள்தான். பிஎச்.டி. விதிமுறைகளை மீறியதற்காக, 2025 ஜனவரியில் யுஜிசி அவற்றுக்கு 5 ஆண்டுகள் பிஎச்.டி. சேர்க்கையையே தடை செய்தது. பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்தால் போதாது. கைடு யார், அவரிடம் ஏற்கெனவே எத்தனை பேர் ஆய்வு செய்கிறார்கள், அவர்களில் ஒருவரிடமாவது பேச முடியுமா என்று கேளுங்கள்.

ஜேஆர்எஃப் வாங்கியவருக்கு 2023 ஜனவரியிலிருந்து மாதந்தோறும் 37,000 ரூபாய் உதவித்தொகை. உங்களுக்குத் தர வேண்டியவர்கள் உங்களிடம் கேட்கிறார்கள் என்றால், எழுந்து வந்துவிடுங்கள்.

ஏற்கெனவே பணம் போட்டுவிட்டீர்களா? வெட்கப்பட்டு வீட்டில் மறைக்காதீர்கள். சைபர் குற்ற உதவி எண் 1930. தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் கைமாறிக்கொண்டே இருக்கும், இப்போதே அழையுங்கள்.