‘ஃபாஸ்ட்’: உறுதியும் விரைவும்

ஒரு சொல் தன் முதற்பொருளுக்கு முரணாகத் தோன்றும் பொருளையும் ஏற்று வழங்குவது மொழிகளில் காணப்படும் இயல்பாகும். ஆங்கிலத்தின் ‘ஃபாஸ்ட்’ என்னும் சிறு சொல் இதற்குத் தக்க சான்று. விரைவு, உறுதி, உண்ணாநோன்பு ஆகிய மூன்றையும் இவ்வொரு வடிவமே உணர்த்துகிறது.

இவற்றுள் மூத்தது உறுதிப்பொருளே. பழைய ஆங்கிலத்தில் இதன் பெயரடை வடிவம் ‘அசையாத, இறுகிய’ என்று பொருள்பட்டது. இதன் இனச்சொல்லான ஜெர்மானிய ‘ஃபெஸ்ட்’ இன்றும் உறுதியையே குறிக்கிறது.

விரைவுப்பொருள் வினையடை வழியே தோன்றியது. ‘உறுதியாக’ என்பது ‘வலிமையாக, முனைப்பாக’ என விரிந்தது. முழு முனைப்புடன் ஓடுவது விரைந்தோடுவதே ஆதலின், இயக்க வினைகளோடு சேர்ந்தபோது, இடைக்கால ஆங்கிலத்தில் அது விரைவைக் குறிக்கலாயிற்று. பெயரடையில் இப்பொருள் பின்னரே நிலைபெற்றது. ஜெர்மானிய மொழியில் இதே வினையடை வேறு வழியில் சென்றது: ‘உறுதியாக’ என்பது ‘மிகவும்’ என்றாகி, இன்று ‘ஏறக்குறைய’ என்னும் பொருளில் வழங்குகிறது.

நோன்புப்பொருளும் உறுதியின் கிளையே. காத்திக் மொழியின் ‘ஃபாஸ்தன்’ என்னும் வினை ‘காத்தல், கடைப்பிடித்தல்’ என்பதோடு ‘நோன்பிருத்தல்’ என்பதையும் குறித்தது. காலை உணவைக் குறிக்கும் ‘பிரேக்ஃபாஸ்ட்’ நோன்பை முடித்தல் என்னும் கருத்தில் அமைந்தது.

இத்தகைய பொருள் இணைவு தமிழுக்கும் புதிதன்று. ‘கடுமை’ வன்மையையும் விரைவையும் குறிக்கும், ‘கடுகுதல்’ விரைதலாகும். தொல்காப்பிய உரியியல் ‘கடி’ என்னும் உரிச்சொல்லுக்குக் கூறும் பொருள்களுள் காப்பும் விரைவும் ஒருங்கே இடம்பெறுகின்றன.

மொழிபெயர்ப்பாளர் இங்கு உடன்வரும் சொல்லையே அளவுகோலாகக் கொள்ளவேண்டும். ‘ஃபாஸ்ட் டிரெயின்’ விரைவுத் தொடர்வண்டி. ‘ஃபாஸ்ட் கலர்’ சாயம் போகாத நிறம். ‘ஃபாஸ்ட் அஸ்லீப்’ ஆழ்ந்த உறக்கம். படகை ‘மேக் ஃபாஸ்ட்’ செய்க என்னும் ஆணை, அதனை இறுகக் கட்டுக என்பதாம். ‘விரைந்து செலுத்துக’ எனப் பெயர்த்தால், கரையில் நிற்கவேண்டிய படகு நீரில் விடப்படும். அகராதி முதலில் தரும் பொருளை மட்டும் நம்பி மொழிபெயர்ப்பது இவ்வாறு நேர்மாறான ஆணையாகவே முடியக்கூடும். ஆகவே வரலாற்றுப் பொருண்மையியல் மொழிபெயர்ப்பாளருக்கும் இன்றியமையாத துணையாகும்.