காற்றுக்கும் வட்டாரம் வகுத்தல்

மண் பரிசோதனைக்கு அனுப்பும் விவசாயி நிலம் முழுவதற்கும் ஒரு பிடி மண்ணை எடுப்பதில்லை. மேடு, பள்ளம், களர் என வெவ்வேறாகப் பிரித்தே மாதிரி எடுக்கிறார். காற்றுப் பரிசோதனைக்கும் இவ்விதியே பொருந்தும்.

திருவள்ளூர் ஜில்லாவில் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைப் பகுதியில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தானியங்கிப் பரிசோதனை நிலையம் இருக்கிறது. அங்குக் கண்ட அளவு, தெற்கே 30 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள செவ்வாப்பேட்டை வயல்களுக்குச் சான்றாகாது. ஆனபடியால் வட்டாரம் வகுத்தல் அவசியம்.

வட்டாரங்களை நான்காகக் கொள்ளலாம்: ஆலைகளை அடுத்த நிலங்கள், பெருஞ்சாலையோரம், செங்கல் சூளைகளின் சுற்றுப்புறம், இவை யாவற்றிற்கும் விலகிய கிராமம். கடைசியானதே ஒப்பிட்டுப் பார்க்க உதவுவது. காற்றின் போக்கையும் கவனிக்க வேண்டும். தென்மேற்குப் பருவத்தில் புகை வடகிழக்கே செல்லும். வடகிழக்குப் பருவத்தில் தென்மேற்கே திரும்பும். ஆகவே ஒரே புகைபோக்கிக்கு இரு பக்கத்திலும் கணக்கெடுக்க வேண்டும். மார்கழி, தை மாதங்களின் விடியற்காலையில் புகை மேலெழாமல் தரையோடு தங்கும். கருவியை மரத்தடியில் வையாமல், காற்று தடையின்றி வீசுமிடத்தில் 3 முதல் 10 மீட்டர் உயரத்தில் அமைத்தல் வேண்டும். வருஷ சராசரி காண, வாரத்திற்கு இரு நாளாக, வருஷத்தில் 104 நாட்களாவது அளக்க வேண்டும்.

1981-ம் வருஷத்துக் காற்றுச் சட்டத்தின் 19-வது பிரிவின்படி, மாநில சர்க்கார் வாரியத்தைக் கலந்து, எப்பகுதியையும் காற்று மாசுக் கட்டுப்பாட்டுப் பகுதியாக அறிவிக்கலாம். 1994-ல் கந்தக டை ஆக்ஸைடின் ஒரு நாளைய வரம்பு, கன மீட்டருக்குத் தொழிற்பகுதியில் 120 மைக்ரோகிராம், கிராமத்தில் 80 மைக்ரோகிராம் என இருந்தது. 2009 முதல் இரண்டிற்கும் 80 மைக்ரோகிராமே வரம்பு. ஆலைக்கு அருகிலிருப்பதால் கூடுதல் புகையைப் பொறுக்க வேண்டும் என்ற வாதத்திற்கு இனி இடமில்லை.

விவசாயிகளும் கிராம நிர்வாக அலுவலரும் செய்யத்தக்கவை யாவை? கிராமப் படத்தில் சூளை, ஆலை, சாலை, ஏரி ஆகியவற்றைச் சர்வே எண்ணுடன் குறிக்க வேண்டும். பயிர்ச்சேதம் கண்ட தேதி, காற்று வீசிய திசை இரண்டையும் நோட்டில் எழுதி வர வேண்டும். இலை நரம்புகளின் இடையே வெளுத்த திட்டுகள் கந்தகப் புகையின் அறிகுறி. நுனியும் ஓரமும் கருகுதல் ஃப்ளூரைடின் அறிகுறி. சூளை அருகிலுள்ள தோப்புகளில் மாங்காயின் நுனி கறுத்துப்போவதுண்டு. ஆனால் உப்பு மிகுதியாலும் சாம்பல் சத்துக் குறைவாலும் இலையோரம் கருகும். ஆகையால் மண்ணையும் உடன் பரிசோதித்தல் நலம்.

பக்கத்து வட்டாரத்தோடு ஒப்பிட்டுக் காட்டாத முறையீடு வலுவற்றது. படத்தையும் நோட்டையும் கிராம சபையில் வைத்துத் தீர்மானமியற்றி, மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு அனுப்புவீர்களாயின், அடுத்த பரிசோதனை நிலையம் எங்கே வேண்டும் என்பதற்கு அதுவே ஆதாரமாகும்.