கடைக்காரர் வைக்காத சரக்கு

செல்போனில் செய்தி படிக்கிறோம். மழை வருமா என்று பார்க்கிறோம். வெங்காயம் இன்று என்ன விலை என்று பார்க்கிறோம். நாலு வரி படிப்பதற்குள் ஒரு விளம்பரம் வந்து திரையை மறைக்கிறது. மூடலாம் என்றால் மூடும் குறி கண்ணுக்குத் தெரிவதில்லை. கடுகு போல ஒரு மூலையில் இருக்கிறது. விரல் கொஞ்சம் தள்ளிப் பட்டால் வேறு எங்கோ இழுத்துக்கொண்டு போகிறது.

இது வெறும் தொல்லை மட்டும்தானா? இல்லை. இதில் நம் பணமும் போகிறது.

விளம்பரப் படமும் விளம்பர வீடியோவும் நம் டேட்டாவில்தான் வருகின்றன. ரீசார்ஜ் செய்தது நாம். செலவழிப்பது விளம்பரம்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. சில விளம்பரங்கள் ஏமாற்று விளம்பரங்கள். ‘உங்கள் போனில் வைரஸ் இருக்கிறது’ என்று வரும். ‘உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது’ என்று வரும். ‘ஐந்து நிமிடத்தில் கடன்’ என்று வரும். எழுத்துக் கூட்டிப் படிக்கும் ஒருவர், எது செய்தி, எது விளம்பரம் என்று பிரித்துப் பார்க்க நேரம் வேண்டும். அந்த நேரத்தை விளம்பரம் கொடுப்பதில்லை.

விளம்பரத்தைத் தடுக்க முடியாதா? முடியும். அதற்கென்றே ஆப்கள் இருக்கின்றன. ஆனால் அவற்றில் பல, ஆப் கடையில் தேடினால் கிடைக்காது. சில ஆப்கள் கடைக்கு வந்த பிறகும் எடுக்கப்பட்டன. ஏன் அப்படி? அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

விளம்பரத்தை எப்படித் தடுக்கிறார்கள்?

நாம் பார்க்கும் ஒரு செய்திப் பக்கம் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. செய்தி ஓர் இடத்திலிருந்து வருகிறது. விளம்பரம் வேறு ஓர் இடத்திலிருந்து வருகிறது. ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு முகவரி உண்டு.

விளம்பரத் தடுப்பு ஆப்பிடம் ஒரு பட்டியல் இருக்கும். விளம்பரம் அனுப்பும் முகவரிகள் எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கும். நம் போன் அந்த முகவரியைக் கேட்டவுடன் ஆப் தடுத்துவிடும். செய்தி மட்டும் வரும். விளம்பரம் வராது. டேட்டாவும் மிச்சம்.

இதில் இரண்டு வகை உண்டு. இந்த இரண்டையும் நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வகை, பிரௌசருக்குள் மட்டும் தடுப்பது. குரோம், பயர்பாக்ஸ் போன்றவை பிரௌசர்கள். இணையப் பக்கங்களைப் பார்க்க இவை உதவுகின்றன. பிரௌசருக்குள் இருக்கும் தடுப்பு, அந்தப் பிரௌசரில் வரும் விளம்பரத்தை மட்டுமே தடுக்கும்.

இரண்டாம் வகை, போன் முழுவதும் தடுப்பது. விளையாட்டு ஆப், பாட்டு ஆப், செய்தி ஆப் என்று எதில் விளம்பரம் வந்தாலும் தடுக்கும். ஆனால் போனில் ஒவ்வொரு ஆப்பும் பூட்டிய தனி வீடு போன்றது. ஓர் ஆப் இன்னோர் ஆப்புக்குள் நுழைய முடியாது. ஆகவே இந்த வகைத் தடுப்பு ஆப், தெருமுனையில் காவல் நிற்கிறது. போனுக்குள் வருவது, போனிலிருந்து போவது எல்லாமே அதன் வழியாகத்தான் போக வேண்டும்.

கடைக்காரர்கள் முக்கியமாகத் தடை போட்டது இந்த இரண்டாம் வகைக்குத்தான்.

யார் அந்தக் கடைக்காரர்கள்?

ஆண்ட்ராய்டு போனில் இருக்கும் கடை பிளே ஸ்டோர். அதை நடத்துவது கூகுள். ஐபோனில் இருக்கும் கடை ஆப் ஸ்டோர். அதை நடத்துவது ஆப்பிள். இரண்டும் அமெரிக்க நிறுவனங்கள்.

2013ஆம் ஆண்டு மார்ச் மாதம் கூகுள் ஒரு காரியம் செய்தது. ‘ஆட்பிளாக் பிளஸ்’ என்ற விளம்பரத் தடுப்பு ஆப்பைத் தன் கடையிலிருந்து எடுத்துவிட்டது. அதைப் போன்ற வேறு சில ஆப்களையும் எடுத்தது. ஓர் ஆப் மற்றவர்களுடைய சேவைக்கு இடையூறு செய்யக் கூடாது என்பது கடையின் விதி. அந்த விதியைக் காட்டித்தான் எடுத்தது.

கடையின் விதி இப்போதும் அதையே சொல்கிறது. ஓர் ஆப் இன்னோர் ஆப்பில் வரும் விளம்பரத்தைத் தடுக்கக் கூடாது. ஆனால் தடுப்பு உள்ள பிரௌசரைக் கடையில் வைக்கலாம். 2015ஆம் ஆண்டு செப்டம்பரில் அதே ஆட்பிளாக் பிளஸ்காரர்கள் தனிப் பிரௌசர் ஒன்றை வெளியிட்டார்கள். அதற்குப் பிளே ஸ்டோரில் இடம் கிடைத்தது.

ஆப்பிள் என்ன செய்தது? 2015ஆம் ஆண்டு செப்டம்பரில் ஐபோனில் ஒரு புதிய வசதியைக் கொடுத்தது. ஐபோனின் பிரௌசர் சபாரி. சபாரியில் வரும் விளம்பரத்தைத் தடுக்கும் ஆப்களை அனுமதித்தது. ஆனால் அடுத்த மாதமே வேறு சில தடுப்பு ஆப்களைக் கடையிலிருந்து எடுத்தது. அவை போனில் போய்வரும் தகவல்களைத் திறந்து பார்க்கக்கூடிய ஆப்கள். ‘இது மக்களின் அந்தரங்கத்துக்கு ஆபத்து’ என்பது ஆப்பிள் சொன்ன காரணம்.

சொல்லும் காரணம், சொல்லாத காரணம்

ஆப்பிள் சொன்ன காரணம் பொய்யா? பொய் என்று தள்ள முடியாது. தெருமுனையில் நிற்கும் காவலாளி, போகிற வருகிற எல்லோரையும் பார்க்கிறார். அவர் நல்லவராக இருந்தால் சரி. கெட்டவராக இருந்தால்? நம் தகவலை அவரே திருடி விற்கலாம். 2018ஆம் ஆண்டில் கம்ப்யூட்டருக்கான குரோம் கடையில் ஐந்து போலித் தடுப்புகள் கண்டுபிடிக்கப்பட்டன. இரண்டு கோடிக்கும் மேற்பட்டவர்கள் அவற்றை நம்பிப் போட்டிருந்தார்கள். பிறகுதான் கூகுள் அவற்றை எடுத்தது.

ஆனால் பாதுகாப்பு மட்டும்தான் காரணமா? கணக்கைப் பாருங்கள்.

கூகுளின் தாய் நிறுவனம் ஆல்பபெட். 2023ஆம் ஆண்டில் அதற்கு வந்த வருமானம் 30,700 கோடி டாலருக்கு மேல். அதில் 23,700 கோடி டாலருக்கு மேல் விளம்பரத்தில் வந்தது. அதாவது 100 ரூபாய் வந்தால் அதில் 77 ரூபாய் விளம்பரப் பணம். பல ஆப்களுக்குள் விளம்பரம் போட்டுக் கொடுப்பதும் கூகுள்தான்.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஊரில் ஒரே பெரிய கடை. அந்தக் கடைக்காரருக்குக் கொசு வளர்ப்பதில்தான் லாபம் என்று வைத்துக்கொள்வோம். அவர் கடையில் கொசுவலை விற்பாரா?

அந்தக் கடை வேண்டாம் என்றால் இன்னொரு கடைக்குப் போகலாம். செல்போனில் அது அவ்வளவு எளிதல்ல. ஆண்ட்ராய்டு போனில் வெளியிலிருந்தும் ஆப் போடலாம். ஆனால் வழியெங்கும் எச்சரிக்கை வரும். பெரும்பாலோர் பிளே ஸ்டோரைத் தாண்டிப் போவதில்லை. ஐபோனில் பல ஆண்டுகள் ஆப்பிள் கடையைத் தவிர வேறு கடையே கிடையாது. 2024ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஐரோப்பிய ஒன்றியத்தில் மட்டும் வேறு கடைகளுக்கும் ஆப்பிள் வழிவிட்டது. அங்கே அதற்கென்று ஒரு சட்டம் வந்தது. அதனால்தான் வழிவிட்டது.

இந்தியாவிலும் இந்தக் கேள்வி எழுந்தது. 2022ஆம் ஆண்டு அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. அது விளம்பரத் தடுப்பு பற்றிய வழக்கு அல்ல. ஆண்ட்ராய்டு போன்களில் தனக்குள்ள பெரிய இடத்தைத் தவறாகப் பயன்படுத்தியது என்பது குற்றச்சாட்டு. 2023ஆம் ஆண்டு மார்ச் மாதம் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஆணையத்தின் சில கட்டளைகளை நீக்கியது. அபராதத்தை நீக்கவில்லை. கடை எவ்வளவு பெரிதானாலும் சட்டத்துக்கு உட்பட்டதுதான் என்பது இதிலிருந்து தெரிகிறது.

விளம்பரமே வேண்டாமா?

அப்படியும் சொல்லிவிட முடியாது. நாம் காசு கொடுக்காமல் படிக்கும் செய்திக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள்? பெரும்பாலும் விளம்பரம்தான். ஒரு சின்னப் பத்திரிகை, சமையல் சொல்லித்தரும் ஒரு பெண், பயிர்நோய்க்கு மருந்து சொல்லும் ஒருவர் என்று பலரும் விளம்பர வருமானத்தில்தான் நடத்துகிறார்கள்.

அமெரிக்காவில் மார்கோ ஆர்மென்ட் என்பவர் ஆப் செய்பவர். 2015ஆம் ஆண்டு செப்டம்பரில் ஐபோனுக்கு ஒரு விளம்பரத் தடுப்பு ஆப் வெளியிட்டார். அதன் பெயர் ‘பீஸ்’. அமெரிக்காவில் காசு கொடுத்து வாங்கும் ஆப்களில் அதுவே முதலிடத்துக்கு வந்தது. ஆனால் இரண்டே நாளில் அவரே அதைக் கடையிலிருந்து எடுத்துவிட்டார். கெட்ட விளம்பரத்தோடு சேர்த்து, தவறு செய்யாதவர்களின் பிழைப்பையும் அது கெடுக்கிறது என்று அவருக்குத் தோன்றியது.

ஆகவே விளம்பரம் இருக்கலாம். ஆனால் அது திரையை மறைக்கக் கூடாது. ஏமாற்றக் கூடாது. ‘இது விளம்பரம்’ என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். வேண்டாம் என்பவருக்கு வேண்டாம் என்று சொல்ல வழி இருக்க வேண்டும். போனைக் காசு கொடுத்து வாங்கியவர் நாம். அதில் எது வர வேண்டும் என்று சொல்லும் உரிமை நமக்கும் உண்டு.

நாம் என்ன செய்யலாம்?

1. தடுப்பு உள்ள பிரௌசரைப் பயன்படுத்தலாம். பிரேவ் என்ற பிரௌசரில் தடுப்பு சேர்ந்தே வருகிறது. பயர்பாக்ஸ் பிரௌசரில் தடுப்பைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டும் பிளே ஸ்டோரிலேயே இலவசமாகக் கிடைக்கின்றன.

2. முன்பின் தெரியாத இணையப் பக்கம் ‘அறிவிப்பு அனுப்பலாமா?’ என்று கேட்டால் அனுமதிக்காதீர்கள். ஒருமுறை அனுமதித்தால், அந்தப் பக்கத்தை மூடிய பிறகும் விளம்பரம் வந்துகொண்டே இருக்கும்.

3. ஆண்ட்ராய்டு போனில் நமக்கென்று ஒரு விளம்பர எண் இருக்கிறது. நாம் எதைப் பார்க்கிறோம் என்று ஆப்கள் தொடர்ந்து கவனிக்க அது உதவுகிறது. போனின் அமைப்புகளில் ‘விளம்பரங்கள்’ என்ற பகுதியில் அதை அழிக்கலாம். அழித்தாலும் விளம்பரம் வரும். நம்மைப் பின்தொடர்வது குறையும்.

4. ‘விளம்பரமே வராது, இதைப் போடுங்கள்’ என்று வாட்ஸ்அப்பில் வரும் ஆப்பைப் போடாதீர்கள். தெரியாதவர் அனுப்பும் ஆப் நம் வங்கிப் பணத்தையே திருடலாம்.

5. எந்த ஆப்பைப் போட்டாலும் அது என்ன அனுமதி கேட்கிறது என்று படியுங்கள். டார்ச் விளக்கு ஆப்புக்கு நம் தொலைபேசி எண்கள் எதற்கு?

6. ஏமாந்து பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுச் சும்மா இருக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். இது அரசாங்கத்தின் உதவி எண். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது.

கூடிப் பேசுங்கள்

உங்கள் போனில் இன்று எத்தனை விளம்பரங்கள் வந்தன? எண்ணிப் பாருங்கள். அவற்றில் எத்தனை உங்களுக்குப் பயன்பட்டன?

போன் நம்முடையது. கடை அவர்களுடையது. கடையில் எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது என்ற விதியை யார் எழுத வேண்டும்? கடைக்காரரா, அரசாங்கமா? அதில் நம் சொல்லுக்கும் இடம் வேண்டாமா?